கேரியரைப் பிடித்த கை

பையன்கள் சைக்கிள் கற்ற கதையைச் சொல்ல நம்மிடம் ஆள் குறைவே இல்லை. வாடகைக் கடை, கால்சட்டைப் பையில் சில்லறை, முட்டியில் சிராய்ப்பு, அப்பாவுக்குத் தெரியாமல் அடித்த குரங்குப் பெடல். 2024இல் அந்தப் பெயரிலேயே ஒரு படமும் வந்தது. நல்ல படம்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் எங்கள் ஊரில் சைக்கிள் என்றால் என் கண்ணுக்குள் வருவது அம்மாக்கள். கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, வியர்வையில் கரைந்த குங்குமம் மூக்குவரை வழிய, "விட்றாதடி, விட்றாதடி" என்று ஊருக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு போகும் அம்மாக்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் அன்னவாசல் பக்கம் எங்கள் ஊர். மழையை நம்பிக் கடலை போடுகிற பூமி. கண்மாய் நிரம்பினால் நெல். இல்லாவிட்டால் கல்லுடைக்கப் போக வேண்டியதுதான். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் வந்தது. முந்தைய ஆண்டுதான் கேரளத்தில் எர்ணாகுளத்தை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவித்திருந்தார்கள். அந்தச் சூடு இங்கேயும் பரவியது. அறிவியல் இயக்கத்துக்காரர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், பத்தாவது முடித்து வீட்டோடு இருந்த பெண்கள் எல்லாரும் சம்பளமில்லாத் தொண்டர்களானார்கள். இருட்டிய பின்தான் வகுப்பு. திண்ணையிலோ கோயில் வாசலிலோ அரிக்கேன் விளக்கை நடுவில் வைத்து உட்காருவார்கள். படிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், சொல்லிக்கொடுத்தவர்களிலும் பெண்கள் நிறைய.

சைக்கிள் நுழைந்தது இந்த இடத்தில்தான். இரவு வகுப்பு எடுத்துவிட்டு அடுத்த ஊர் வகுப்பையும் எட்டிப் பார்க்க வேண்டிய பெண் எப்படிப் போவாள்? எங்கள் ஊருக்குப் பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து விட வேண்டுமென்றால், அந்த அண்ணனுக்குச் சீட்டாட்டம் இல்லாத நாளில்தான் ஊரில் எழுத்தறிவு வளரும். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் சைக்கிள் பழகுவதை அறிவொளி வேலையோடு சேர்த்தே நடத்த வைத்தார். எழுத்து, கணக்கு, சைக்கிள். இதைவிட நேரான பாடத்திட்டத்தை இன்றுவரை நான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும் கண்மாய்க்கு மேற்கே இருந்த பொட்டலில் கூட்டம் சேரும். கோயிலுக்குப் போகிற மாதிரி நல்ல புடவை கட்டிக்கொண்டு வருவார்கள். விழப்போவது தெரிந்தும் ஏன் நல்ல புடவை என்று அப்போது எனக்குப் புரியவில்லை. நாலு பேர் பார்க்கும் இடத்தில் விழுவதென்றாலும் மதிப்பாக விழ வேண்டும் என்று நினைத்திருப்பார்களோ என்னவோ. அத்தனை பேருக்கும் இருந்தது இரண்டே சைக்கிள், இரண்டும் ஆண்கள் ஓட்டுகிற பார் வைத்த வண்டி. லேடீஸ் சைக்கிள் அப்போது டவுன் கடையிலேயே கிராக்கி. பின்னால் அதையே அவர்கள் வசதியாக்கிக்கொண்டார்கள்: பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம், கேரியரில் மூட்டை கட்டலாம். பெண்கள் விரும்பியே ஆண்கள் சைக்கிள் வாங்கிய ஊர் எங்களுடையது.

முதலில் ஓட்டியது கீழத்தெரு அக்கா. அறிவொளித் தொண்டர். தம்பி சைக்கிளில் திருட்டுத்தனமாக ஏற்கெனவே பழகியிருந்தாள். அவள் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்தாள். அத்தோடு அவள் வேலை முடிந்தது என்றே சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு அந்த நாலு பேரும் ஆளுக்கொருத்தியைப் பிடித்துக்கொண்டார்கள். போன வாரம் வேலிக்குள் போய் விழுந்தவள் இந்த வாரம் வாத்தியார். இன்னும் வளைவில் திரும்பக்கூடத் தெரியாது. ஆனாலும் "ஹேண்டில் பாரைப் பாக்காதத்தா, ரோட்டைப் பாரு" என்று அதிகாரமாகச் சொல்வாள். அவளுக்கு அதுவரைதான் தெரியும், அதுவரை அவள் குரு. மிச்சத்துக்கு வேறொருத்தி.

அப்பாக்கள் சைக்கிள் கற்றுக்கொடுத்த கதைகளில் ஒரு வழக்கமான திருப்பம் வரும். பின்னால் பிடித்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே கையை எடுத்துவிடுவார், பிள்ளை திரும்பிப் பார்த்துத் திகைக்கும். எங்கள் பொட்டலில் அந்த வேலை நடக்கவில்லை. "விடப்போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் விடுவார்கள். விட்டதும், "விட்டுட்டேன், இப்ப நீதான் ஓட்டுற" என்று இன்னொரு சத்தம். வயசுக்கு வந்த நாளிலிருந்து தங்களுக்குத் தெரியாமலே தங்களைப் பற்றி முடிவெடுக்கப்பட்டுப் பழகிய பெண்கள். இன்னொரு தடவை, அதுவும் இன்னொரு பெண்ணிடம், ஏமாற அவர்கள் தயாராக இல்லை.

அம்மா முதலில் வேடிக்கை பார்க்கத்தான் போனாள். என்னை முன்னால் நிறுத்திக்கொண்டு பின்னால் நிற்பாள். "எனக்கெதுக்குத்தா இந்த வயசுல" என்பாள். முப்பதுகூட ஆகவில்லை அப்போது. அவளை இழுத்தது டீக்கடை அயித்தை. கனத்த உடம்பு. "என்னையத் தாங்குற சைக்கிள இனிமேத்தான் கண்டுபிடிக்கணும்" என்று சிரித்துக்கொண்டிருந்தவள், ஒரு ஞாயிறு பொட்டலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டிக்கொண்டு போய், இறங்கத் தெரியாமல் கண்மாய்க்கரையில் ஏறி, சாய்ந்து, உட்கார்ந்த வாக்கிலேயே கையைத் தூக்கிக் காட்டினாள். வீட்டுக்கு வந்த அம்மா அன்றிரவு சோறு போடும்போது வேறு எதுவும் பேசவில்லை. "அவளே ஓட்டுறா" என்று மட்டும் இரண்டு மூன்று தரம் சொன்னாள். மறுவாரம் ஊக்கால் கொசுவத்தைக் குத்திக்கொண்டு கிளம்பிவிட்டாள். எனக்குக் கேரியர் பிடிக்கிற உத்தியோகம். அந்தப் பக்கம் அயித்தை, இந்தப் பக்கம் நான்.

புதுக்கோட்டையில் பிறந்த பெண்களுக்கு முன்மாதிரி கேட்டால் பள்ளிக்கூடத்தில் உடனே ஒரு பெயர் சொல்வார்கள். 1886இல் எங்கள் டவுனில் பிறந்து, ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் இடம் வாங்கி, 1912இல் மருத்துவரான முத்துலட்சுமி ரெட்டி. பேச்சுப் போட்டியில் அவரைப் பற்றிப் பேசிப் பரிசு வாங்கியவள் நான். அவர் பட்ட பாட்டுக்கு இன்னும் நூறு போட்டி வைக்கலாம். ஆனால் அம்மாவுக்கு அவரால் சைக்கிள் ஆசை வரவில்லை. மலை மாதிரி நின்ற மனுஷியைப் பார்த்துக் கும்பிடத் தோன்றும், கூடவே 'அது அவங்களால முடியும்' என்றும் தோன்றிவிடும். டீக்கடை அயித்தையைப் பார்த்தால் அப்படித் தப்பிக்க வழியில்லை. அடுப்பு, ஆஸ்துமா, குடிக்கிற புருஷன் என்று அவளுக்கு இருந்த அத்தனை சாக்கும் அம்மாவுக்கும் தெரியும்.

எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று சொன்னால் பொய். காலனிப் பெண்கள் முதலில் பொட்டலின் மறு ஓரத்தில் தனியாகத்தான் பழகினார்கள். அந்தப் பக்கம் இருந்த சைக்கிளின் செயின் அறுந்து, சரிசெய்ய ஆள் கிடைக்காமல் போன பிறகுதான் ஒரே வண்டிக்கு இரு பக்கத்தாரும் வரிசையில் நின்றார்கள். மேலத்தெருப் பெண் விழப்போகும்போது காலனிப் பெண்ணின் கை தாங்கியது. கலந்தார்கள் என்று எழுத ஆசைதான். பொட்டலில் கலந்தார்கள். தண்ணிக் குழாயடியில் பழையபடி இரண்டு வரிசை. ஆண்களின் வாயையும் சொல்லியாக வேண்டும். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. அந்தப் பெஞ்சு அயித்தையின் கடைப் பெஞ்சுதான் என்பதால், கொஞ்ச நாளில் அங்கே டீ மட்டும் குடித்தார்கள்.

1992 மார்ச் 8. மகளிர் தினத்தன்று புதுக்கோட்டை டவுனில் பெண்கள் மட்டுமே ஓட்டிய சைக்கிள் ஊர்வலம். ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல், ஹேண்டில் பாரில் கொடி கட்டி, பெல்லை அடித்துக்கொண்டே போனார்கள். மாவட்டம் முழுக்க அந்தக் காலத்தில் சைக்கிள் பழகியவர்கள் லட்சத்தைத் தாண்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். அவருடைய அந்தக் கட்டுரை 1996இல் வந்த புத்தகத்தில் இருக்கிறது. பின்னாளில் அது மத்திய அரசின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலிலும் இடம்பெற்றது. என்னோடு வேலை பார்த்த லக்னோ பெண் ஒருத்தி, நான் புதுக்கோட்டை என்றதும், "சைக்கிள் ஊரா?" என்று கேட்டாள். எங்கள் அம்மாக்கள் அவளுக்குப் பரீட்சைக் கேள்வியாக வந்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளைக் கேட்டால் முழிப்பார்கள்.

ஊர்வலத்துக்குப் பிறகு நடந்தது சத்தமில்லாத விஷயம். அம்மா ரேஷனுக்குச் சைக்கிளில் போனாள். பச்சைக் கடலையைக் கேரியரில் கட்டி, வியாபாரி வாசலுக்கு வந்து சொல்கிற விலைக்குக் கொடுக்காமல், சந்தைக்கே கொண்டு போனாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அப்பா வருகிறவரை காத்திருக்காமல் பாரில் உட்கார வைத்து அன்னவாசலுக்கு மிதித்தாள். பஸ்ஸுக்காக மரத்தடியில் உட்கார்ந்து கரைந்த நேரம் அவள் கைக்கே திரும்பி வந்தது. அதே காலத்தில் கல்குவாரிகளைக் கான்ட்ராக்டர்களிடமிருந்து எடுத்து, உடைத்த பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டார்கள். கூலி வாங்கி மடியில் முடிந்தவர்கள் கணக்கு நோட்டில் வரவு செலவு எழுதினார்கள். கணக்கெழுதத் தெரிந்தவளைச் சைக்கிளில் கூட்டி வந்தார்கள். எழுத்தையும் கணக்கையும் சைக்கிளையும் ஒன்றாகப் போட்டது ஏன் என்று யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் சென்னைக்கு வந்து வெகு காலம் ஆகிறது. ஸ்கூட்டர் கற்றது இங்கேதான், காசு கட்டி, டிரைவிங் ஸ்கூலில். சொல்லிக்கொடுத்தவர் நல்ல மனிதர், கையில் செல்போனோடு நிற்பார். நான் தடுமாறியதை யாரும் பார்க்கவில்லை, ஓட்டியதையும் யாரும் பார்க்கவில்லை. லைசென்ஸ் வந்தது. அடுக்ககத்துப் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறேன். அவசரத்துக்கு ரத்தம் வேண்டுமென்றால் பத்து நிமிஷத்தில் ஆள் கிடைக்கும், குழுவைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் எங்களில் யாரும் மற்றவள் முன்னால் விழுந்ததில்லை. கற்றுத் தேறிய பிறகுதான் படம் போடுகிறோம். மார்ச் 8 அன்று அலுவலகத்தில் ஆளுக்கொரு ரோஜாப்பூ, சிகரம் தொட்ட ஒரு பெண்ணின் உரை. எழுந்து நின்று கைதட்டுகிறோம். கைதட்டி முடித்ததும் காபி. 'அவளே ஓட்டுறா' என்கிற அந்த ரோஷம், தூக்கம் வராமல் புரள வைக்கிற அந்த நல்ல பொறாமை, எனக்கு வந்து எத்தனையோ காலமாகிறது. அதற்கு எதிரே ஒருத்தி தப்பும் தவறுமாக எதையாவது ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பொட்டலில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள். கண்மாய்க்கரை ரோட்டில் பள்ளிக்கூடப் பெண்கள் வரிசையாகச் சைக்கிளில் போனார்கள், அரசு கொடுத்த சைக்கிள். இருபதாண்டுகளுக்கு மேலாக அரசு கொடுத்து வருகிறது. பிளஸ் ஒன்னில் வண்டி கைக்கு வரும்போதே எல்லாருக்கும் ஓட்டத் தெரிந்திருக்கிறது. யாருக்கும் பின்னால் ஓடி வர ஆள் வேண்டாம். இதைத்தானே அன்றைக்கு எல்லாரும் விரும்பினார்கள்? ஆமாம். அந்தப் பிள்ளைகளைப் பார்த்து நான் ஏங்கினால் என்னைப் போல் அசடு கிடையாது. என் ஏக்கம் வேறு கணக்கு. இந்தப் பிள்ளைகளுக்கு அடுத்துப் பயப்பட என்ன இருக்கிறதோ, பேங்கோ கோர்ட்டோ வெளிநாடோ, அதற்கு ஒரு பொட்டல் எங்கே இருக்கிறது என்று தேடுகிறேன்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் இதையெல்லாம் கொஞ்சம் உருகித்தான் சொன்னேன். அம்மா முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். முட்டி தேய்ந்து சைக்கிளை விட்டு ரொம்ப நாளாயிற்று. 2021இலிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு கிடையாதே, அதில்தான் போய்வருகிறாள். கடை மூடி மகன் வீட்டோடு போய்விட்ட டீக்கடை அயித்தையை வெள்ளிக்கிழமைதோறும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

"ஒனக்கென்ன, முன்னாடி பார்ல உக்காந்து காத்து வாங்கிக்கிட்டு வந்தே. மிதிச்சது நானு. அன்னவாசல் மேட்டுல ஏத்தறதுக்குள்ள உசுரு போயிரும்."

"அப்ப பஸ்ஸே நல்லாருக்குன்றியா?"

"பின்ன? சன்னலோரம் சீட்டு." கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணுதான். கண்டக்டரு நிறுத்துற எடத்துலதான் எறங்கணும்."

பிறகு நினைவு வந்தவளாய்க் கேட்டாள், பக்கத்து வீட்டு மருமகளுக்கு ஸ்கூட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், பயந்துகொண்டு தொடவே மாட்டேனென்கிறாள், நீ எத்தனை நாள் இருப்பாய் என்று. மறுநாள் காலை எனக்கு ரயில். தட்கலில் வாங்கிய டிக்கெட், ரத்து செய்தால் காசு வராது.

"காசு கெடக்கு" என்றாள் அம்மா. "நெலம் காஞ்சுதான் கெடக்கு. மனைக்கல்லு மேல மோதாமப் பாத்துக்க."