சரிபார்ப்பது யார்?

கலிஃபோர்னியாவின் டப்ளினிலிருந்தும் பக்கத்து சான் ரமோனிலிருந்தும் சொந்த ஊர் மருத்துவ முகாம்களுக்குப் பணம் அனுப்புகிறோம். பதிலுக்கு வாட்ஸ்அப்பில் படங்கள் வருகின்றன, வந்துபோனவர்களின் எண்ணிக்கையும் வருகிறது. சர்க்கரை இருப்பதாகக் கண்டறியப்பட்டவருக்கு அடுத்த மாதம் மாத்திரை கிடைத்ததா? அந்தத் தகவல் மட்டும் வருவதேயில்லை.

இந்திய அரசு 2005-இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம் இதற்கு ஒரு வழி கண்டது. 2007-இல் தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் மக்கள் கண்காணிப்பைச் சோதனை முயற்சியாகக் கொண்டுவந்தார்கள். கிராமக் குழுக்களும் தொண்டு நிறுவனங்களும் ஊர்க்காரர்களிடமே கேட்டன: செவிலியர் வந்தாரா, கர்ப்பிணிக்கு ரத்தப் பரிசோதனை நடந்ததா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இருந்ததா, யாராவது காசு கேட்டார்களா? பதில்களைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அட்டையில் குறித்தார்கள். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அது புரியும். அந்த அட்டையை வைத்து அதிகாரிகளிடம் நேருக்கு நேர் பேசினார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இந்த இடம்தான்.

தேர்வு எழுதியவரே விடைத்தாளைத் திருத்தக் கூடாது. நல்ல மனதோடு முகாம் நடத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

நண்பர்களே, அடுத்த முறை பணம் அனுப்பும்போது ஒரு பகுதியைச் சரிபார்ப்புக்கென்று ஒதுக்குங்கள். முகாம் நடத்தாத ஒருவர், ஆறு மாதம் கழித்து, நோயாளிகளிடம் நேரில் கேட்டு எழுதிய அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.