ஆடி மாசத்து கிறிஸ்துமஸ் தாத்தா

தீபாவளி நோம்பிக்கு ஊருக்குப் போயிருந்தேன் மக்களே. பெங்களூருல பொட்டி தட்டுறவனுக்கு நாலு நாள் லீவு கிடைக்கறதே பெரிய விஷயம் :-) திருப்பூர் வீட்டு வாசல்ல அப்பா உக்காந்திருந்தார். அவர் போட்டிருந்த டி-ஷர்ட்டைப் பாத்ததும் சிரிச்சுட்டேன். மூட்டை தூக்கிட்டு வர்ற கிறிஸ்துமஸ் தாத்தா. கீழே இங்கிலீஷ்ல, 'இந்த கிறிஸ்துமஸுக்கு ஒண்ணும் வாங்காதே'!

2010-ல எங்க பிரிண்டிங் பட்டறையில அடிச்சது அது. நான் அப்ப எட்டாவது. கப்பல்ல போய்ச் சேரணுமே, அதனால திருப்பூருக்கு கிறிஸ்துமஸ் ஆடியிலயே வந்துரும். ஃபேன் போட முடியாது, பேஸ்ட் காஞ்சு வலையை அடைச்சுக்கும். வேர்க்க விறுவிறுக்க பனி பொழியற படத்தை அடிச்சுட்டிருப்பாங்க. ஒவ்வொரு கலருக்கும் தனித்தனி ஸ்கிரீன். செவப்பு கொஞ்சம் தள்ளி விழுந்து, தாத்தாவோட தொப்பி காதுக்குப் பக்கத்துல தொங்குன பீஸ்தான் அப்பாவுக்கு வந்தது.

'வாங்காதேன்னு சொல்றவன் எதுக்குடா விக்கறதுக்கு அடிக்கச் சொல்றான்?'னு அன்னிக்கே கேட்டார். எனக்குப் பதில் தெரியல.

அப்புறம் தேடிப் பாத்தேன். கனடாவுல வான்கூவர்ல டெட் டேவ்ங்கற ஓவியர் 1992-லயே 'ஒண்ணும் வாங்காத நாள்'னு ஆரம்பிச்சு வெச்சிருக்கார். 2011 நவம்பர் 25 அன்னிக்கு படகோனியாங்கற துணிக் கம்பெனி, 'இந்த ஜாக்கெட்டை வாங்காதீங்க'ன்னு நியூயார்க் டைம்ஸ்ல விளம்பரமே குடுத்துச்சு. ஒரு ஜாக்கெட்டுக்கு 135 லிட்டர் தண்ணி செலவாகுதுன்னு கணக்கு வேற.

அந்தத் தண்ணிக் கணக்கு எங்க வீட்டுக்கு அதுக்கு முன்னாடியே வந்துருச்சு. அம்மா பொறந்த ஊரு ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. நொய்யல்ல வந்த சாயத்தண்ணி அணையில தேங்கி, அப்புச்சி தோட்டத்துக் கிணறு வீணாப்போச்சு. தென்னை காஞ்சுது. 2011 ஜனவரியில ஹைகோர்ட் உத்தரவால 700-க்கும் மேல சாயப்பட்டறைகளை மூடினப்ப, அப்புச்சி சந்தோஷமா போன் பண்ணார். அப்பா போனை அம்மாகிட்ட குடுத்துட்டு வெளிய போயிட்டார். சாயம் ஏறுன துணி வந்தாத்தானே பிரிண்டிங்? எங்க டேபிளெல்லாம் சும்மா கிடந்துது. அம்மாவோட வளையல் அடகுக்குப் போச்சு. அப்பா பக்கமா, அப்புச்சி பக்கமான்னு அம்மா கடைசி வரைக்கும் சொல்லல.

அப்புறம் தண்ணியை வெளிய விடாம சுத்திகரிக்கற ஏற்பாட்டோட பட்டறைகள் திரும்ப ஓடுச்சு. எங்களுக்கும் வேலை வந்துது. எங்கயோ ஒருத்தர் தேவையில்லாம வாங்குன நாலாவது டி-ஷர்ட்லதான் என் இன்ஜினியரிங் ஃபீஸ் இருந்துச்சு. இதை நெனைச்சா, அந்த வாசகத்தைப் பாத்து முழுசாச் சிரிக்கவும் முடியல, தலையாட்டவும் முடியல.

நோம்பிக்கு அப்பாவுக்குன்னு ஆன்லைன் ஆஃபர்ல மூணு டி-ஷர்ட் வாங்கிட்டுப் போயிருந்தேன். ஒண்ணைப் பிரிச்சு, பிரிண்டை நகத்தால சுரண்டிப் பாத்தார்.

'நாலு தொவப்புக்குத் தாங்காது சாமி. எதுக்கு மூணு?'

'ஆஃபர்ப்பா...'

போட்டிருந்த தாத்தாவைத் தடவிக் காமிச்சார். துணி நைஞ்சிருக்கு, பிரிண்ட் உரியல. 'இவன் சொல்றது சரிதான். ஆனா எல்லாரும் கேட்டுட்டா நாம என்ன பண்ணியிருப்போம்?'

பிரிக்காத ரெண்டையும் ரிட்டர்ன் போடலாம்னு ராத்திரி மொபைலை எடுத்தேன். யாரோ ஒரு அப்பா ஃபேன் போடாம அடிச்சதா இருக்கும்னு தோணுச்சு. போடல.