பிரிக்காமல் பார்க்கும் வேலை

நைனார்பாளையத்துப் பட்டறைகளில் டிராக்டர் வேலையைப் பார்க்க வேண்டுமானால் தை மாதத்தில் போக வேண்டும். மக்காச்சோளம் அறுத்த காட்டை மறுபடி உழ வேண்டிய நேரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டகையில் சும்மா நின்ற வண்டிகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்து சேரும்.

நான் போனபோது பட்டறையில் நின்றது 18.5 குதிரைத்திறன் கொண்ட பழைய சிறு டிராக்டர். இந்த அளவு வண்டிகளுக்கு நம் பக்கம் ஒரு வரலாறு உண்டு. 1967இல் பெங்களூரில் தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனம், ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து பவர் டில்லரும் சிறு டிராக்டரும் செய்தது. பெரிய வண்டி நுழைய முடியாத கரும்பு, பருத்திச் சால்களுக்குள் இவை புகுந்து களையெடுக்கும். வேலை இல்லாத மாதங்களில் அப்படியே நிற்கும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

“கிளட்ச்சை மிதிச்சாலும் கியர் விழல தம்பி. கரகரன்னு கத்துது. பிளேட்டு போயிடுச்சு, புதுசு போட்டுடு” என்றார் வண்டிக்காரர். அறுபதைத் தாண்டியவர், பணத்தோடு வந்திருந்தார்.

மெக்கானிக் ஸ்பானரைத் தொடவில்லை. பெடலைக் கையால் அழுத்தினார். ஓர் அங்குலம் போல லூசாக இறங்கி, அதன் பிறகே பெடல் கனத்தது. அடியில் படுத்துக்கொண்டு, பையனைப் பெடல் மிதிக்கச் சொல்லி, கம்பியும் லிவரும் முழுதாக அசைகின்றனவா என்று பார்த்தார். அசைந்தன. எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு, கிளட்ச்சை மிதித்தபடியே தள்ளச் சொன்னார். சக்கரம் உருளவில்லை. “பிளேட்டு போகலைய்யா, ஒட்டிக்கிச்சு” என்றார்.

எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் நெருக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும். பெடலை மிதித்தால் பிரஷர் பிளேட் பின்வாங்கும். நடுவிலுள்ள பிளேட் விடுபட்டு, கியர் பெட்டிக்குப் போகும் ஓட்டம் அறுபடும். மழைக்கால ஈரத்தில் இரும்பு முகங்கள் துருப்பிடித்தால், அந்தத் துரு பிளேட்டைப் பசைபோல் பிடித்துக்கொள்கிறது. பிரஷர் பிளேட் விலகினாலும் பிளேட் ஃப்ளைவீலை விடாது.

முதலில் பிரிக்காமல் விடுவிக்கப் பார்த்தார். எஞ்சினைச் சூடாகும்வரை ஓட்டி நிறுத்தி, பெடலை அடிவரை மிதித்து, எழாதபடி ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து இரவு முழுக்க விட்டார். சில வண்டிகளுக்கு இதுவே போதுமாம். மறுநாள் வண்டியைக் காலி நிலத்துக்குத் தள்ளிப்போய், எதிரே யாரையும் நிற்கவிடாமல், டாப் கியரில் போட்டு, கிளட்ச்சை மிதித்தபடி ஸ்டார்ட் செய்தார். வண்டி பாய்ந்தது. பிரேக்கை விட்டு விட்டு அழுத்தினார். ஒரு கை எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் வயரிலேயே இருந்தது. குலுங்கியது, விடவில்லை. இன்னொரு முறை பார்த்துவிட்டு, “இதுக்கு மேல போட்டு அடிச்சா கியர் பல்லு போயிடும். பிரிச்சிடலாம்” என்று இறங்கினார்.

பேட்டரி ஒயர், டீசல் பைப், ஸ்டீயரிங் கம்பி எல்லாம் கழன்றன. எஞ்சின் சாயாமலிருக்க முன் அச்சின் இருபுறமும் மர ஆப்பு. கியர் பெட்டிக்கு அடியில் ஜாக்கி. போல்ட்டுகள் வந்ததும் வண்டி இரண்டாகப் பிரிந்தது. கிளட்ச் கவரின் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். ஒரு பக்கமாகக் கழற்றினால் கவர் கோணிவிடும். பிளேட்டை மரக்கட்டையால் தட்டியெடுத்தபோது, ஃப்ளைவீலில் அதன் வட்டம் செம்பழுப்பாக அச்சுப் பதிந்திருந்தது.

பையன் காற்றுக்குழாயை எடுத்து ஊதப் போனான். “ஊதாதடா, துணியை நனைச்சுத் துடை” என்று தடுத்தார். பழைய கிளட்ச் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அந்தத் தூசு நுரையீரலில் தங்கிப் புற்றுநோய்வரை கொண்டுபோகும். பல பட்டறைகளில் இதைச் சொல்லித் தர ஆளில்லை.

லைனிங் இன்னும் ரிவெட் தலைக்கு மேலே இருந்தது. உப்புத்தாளால் துருவைத் தேய்த்தார்கள். பிளேட் நகரும் ஷாஃப்ட்டின் பற்களுக்குக் கிரீஸைப் பூசியும் பூசாததுமாய்த் தடவினார். கூடினால் சுழலும்போது தெறித்து லைனிங்கில் பட்டு, கிளட்ச் வழுக்கும். கரடுமுரடாகச் சுற்றிய ரிலீஸ் பேரிங்கை மட்டும் புதிதாகப் போட்டார். இதற்காக இன்னொரு முறை வண்டியைப் பிரிக்க யாராலும் முடியாது. பழைய ஷாஃப்ட் துண்டை நடுவில் செருகிப் பிளேட்டை மையப்படுத்தி, மூடினார்.

கூலிப் பேச்சில் இழுபறி இல்லை; வண்டி இரண்டாகக் கிடந்ததைப் பெரியவர் பார்த்திருந்தார். அவர் போன பிறகு மெக்கானிக் சொன்னார்: “பிரிச்சா கூலி, சார். நேத்து கட்டையிலயே விட்டிருந்தா டீ வாங்கிக் குடுத்துட்டுப் போயிருப்பாரு.” பிளேட் போகவில்லை என்று கண்டுபிடித்த அந்த அரை மணி நேரம்தான் பெரியவருக்குப் புது பிளேட்டின் விலையை மிச்சப்படுத்தியது. பில்லில் அதற்கு இடமில்லை.

போகும்போது பெரியவரிடம் ஒரு கட்டையையும் கொடுத்தனுப்பியிருந்தார்: வண்டி நிற்கும் மாதங்களில் பெடலை மிதித்து இதை முட்டுக்கொடுங்கள், வாரம் ஒருமுறை எடுத்து ஓட்டுங்கள் என்று. “எல்லாரும் கட்டை வச்சுட்டா தையில உங்களுக்கு வேலை இருக்காதே” என்றேன்.

“வருஷா வருஷம் குடுக்குறேன் சார். எல்லாம் அடுப்புக்குத்தான் போவுது.”