திருநாள்களை விட்டுவிடலாமா?



ஈப்போவில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் அமர்ந்திருந்த தம்பி என்னிடம் கேட்டார்: "அண்ணே, கிறிஸ்து பிறந்த தேதி வேதத்தில் எங்கே இருக்கிறது? சொல்லப்படாத நாளை ஏன் கொண்டாடுகிறீர்கள்?" அவர் கடைவீட்டு மாடியில் கூடும் ஒரு சபையைச் சேர்ந்தவர். கிறிஸ்துமஸ், பெரிய வெள்ளி, கல்லறைத் திருநாள் எதையும் அங்கே கொண்டாடுவதில்லையாம்.

கேள்வி நியாயமானதுதான். வேதாகமத்தில் தேதி இல்லை. டிசம்பர் 25-ஐ ரோமாபுரியில் கொண்டாடியதற்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றே 336-ஆம் ஆண்டுக்கு உரியது. இந்த வாதமும் புதிதல்ல. 1647-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் கிறிஸ்துமஸையும் ஈஸ்டரையும் சட்டம் போட்டு ஒழித்தது. கேன்டர்பரி நகரில் கலகமே மூண்டது. 1660-இல் மன்னராட்சி திரும்பியபோது பண்டிகைகளும் திரும்பி வந்தன. நாள் பார்ப்பதைப் பற்றி, அவரவர் தம் மனத்தில் உறுதியாயிருக்கட்டும் என்ற கருத்தில் புனித பவுல் ரோமருக்கு எழுதினார். ஆகவே அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். என் மனம் ஏன் வேறுவிதமாய் உறுதிப்பட்டது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டத்தில். பெரிய வெள்ளி சபா, சரவாக்கில் பொது விடுமுறை. நம் பேராக்கில் இல்லை. அன்றும் விடியுமுன் பிரட்டுக்குப் போய், மரம் சீவி, பால் எடுத்து நிறுத்த பிறகுதான் அப்பா வீடு திரும்புவார். ஒரு வாய்க் கஞ்சி குடித்துவிட்டு, கிணற்றடியில் குளித்து, மூன்று மணிக்குச் சிலுவைப் பாதைக்கு நிற்பார். பால் வாடை போகாத அந்தக் கைகளைப் பார்த்துத்தான் பக்தி என்றால் என்னவென்று நான் கற்றேன்.

பிறகு ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். லயங்கள் காலியாயின. சிலிபினுக்கும் புந்தோங்கிற்கும் கோலாலம்பூருக்குமாகச் சிதறிப் போனோம். சிற்றாலயத்தின் கூரையும் விழுந்தது. எஞ்சி நிற்பது இடுகாடு ஒன்றுதான்.

அங்கே எங்களை ஆண்டுக்கு ஒருமுறை கூட்டுவது நவம்பர் 2, கல்லறைத் திருநாள். பாராங்கத்தியால் புல் வெட்டி, மெழுகுவர்த்தி ஏற்றி, செபம் சொல்லி, கொண்டுபோன சோற்றைப் பகிர்ந்து உண்போம். எங்களோடு லயத்தில் வாழ்ந்த இந்துக் குடும்பத்தாரும் வந்து பூ வைப்பார்கள். ஒரு காலத்தில் வேன் வேனாகப் போனோம். சென்ற ஆண்டு போனவை இரண்டே கார்கள். என் பேரன் ஒரு மேட்டைக் காட்டி, "இது யார் தாத்தா?" என்றான். பெயர்ப் பலகை உளுத்துப் போயிருந்தது. எனக்கும் தெரியவில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னை விடவில்லை.

"ஒருநாள்தான் நினைக்க வேண்டுமா, தினமும் நினைக்கக்கூடாதா?" என்பார்கள். நினைக்கலாம். ஆனால் 'தினமும்' என்று ஒதுக்கியது நம் வாழ்க்கையில் 'என்றாவது' ஆகிவிடுகிறதல்லவா? தேதி குறித்தால்தான் லீவு எடுக்கிறோம், வண்டி ஏறுகிறோம். ஜூலை 26 என்று குறித்திருப்பதால்தான் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருநாளுக்கு நம் மக்கள் பஸ் பிடித்துப் போய், பிரிந்த உறவுகளைச் சந்திக்கிறார்கள்.

நம்மிடம் குறை இல்லையா? உண்டு. கிறிஸ்துமஸுக்குக் கடன் வாங்கித் துணி எடுத்துத் தைப்பூசம் வரை வட்டி கட்டுகிறோம். பூசை முடியுமுன் போத்தலைத் திறப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். இவற்றை விட்டொழிக்க வேண்டும். அதற்காகத் திருநாளையே விடுவது, பயிருக்குள் களை மண்டியதென்று தோட்டத்தையே கொளுத்துவது போலாகும்.

வாசகர்களே, அடுத்த நவம்பர் 2-ஆம் தேதி உங்கள் பழைய தோட்டத்திற்குப் போங்கள். பிள்ளையை அழைத்துப் போங்கள். மெழுகுவர்த்தியை அவன் கையில் கொடுத்து, அங்கே படுத்திருப்பவர் யார், எந்த நிரையில் மரம் சீவினார் என்று சொல்லுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் நம்மில் இன்னும் சிலர் இருக்கிறோம்.