கையெழுத்து ஒத்துப்போகவில்லை

அப்பாவின் செக் திரும்பி வந்தது. பணம் இல்லாமல் அல்ல, கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். முப்பத்தைந்து வருஷம் ரெவின்யூ ஆபீஸில் ஃபைல் ஃபைலாகக் கையெழுத்துப் போட்ட மனுஷர். "பேங்க்காரனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு" என்று இரண்டு நாள் திட்டித் தீர்த்தார். நான் செக்கை எடுத்துப் பார்த்தேன். முதல் எழுத்து பழையபடி கம்பீரம். போகப் போக எறும்பு ஊர்ந்த மாதிரி சிறுத்து, கடைசி எழுத்து வெறும் புள்ளி.

நரம்பு டாக்டர் அந்தச் செக்கைப் பார்த்ததுமே தலையாட்டினார். பரிசோதித்துவிட்டுச் சொன்னார்: பார்க்கின்ஸன். உடனே நான் கேட்டது என்ன தெரியுமா? "டாக்டர், இது பரம்பரையா வருமா?" (அற்பப் பிறவி!)

"பெரும்பாலும் வராது. சில குடும்பங்கள்லதான் ஜீன் கோளாறு. பார்க்கின்னு ஒரு ஜீன் இருக்கு. அது கெட்டா சின்ன வயசுலயே வரும்."

நான் பி.காம். ஜீன்ஸ் தெரியும், ஜீன் தெரியாது. தேடிப் படித்தேன்.

பார்க்கினை 1998ல் ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அதன் முக்கியமான ஒரு வேலை பத்து வருஷம் கழித்து, 2008ல், அமெரிக்காவில் ரிச்சர்ட் யூலின் லேபில் தெரியவந்தது. அங்கே தட்டில் வளர்த்தது மூளை செல் இல்லை சார். 1951ல் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் புற்றுநோய் செல். அவர் போய்விட்டார், அது இன்னும் வளர்கிறது! பார்க்கினில் ஒளிரும் புரதத்தை ஒட்டி அதற்குள் விட்டார்கள். செல்லுக்குக் கரண்ட் சப்ளை மைட்டோகாண்ட்ரியா. ஒரு ரசாயனத்தை ஊற்றி அதைப் பழுதாக்கினார்கள். அதுவரை செல் முழுக்கச் சும்மா பரவிக் கிடந்த பார்க்கின், பழுதானவற்றைப் போய் மொய்த்துக்கொண்டது. பிறகு செல்லே அவற்றைத் தின்று தீர்த்தது. பழுதான வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டுகிற ஆசாமி பிங்க்1 என்று இன்னொரு புரதம். நோட்டீஸைப் பார்த்து வருகிற குப்பை லாரிதான் பார்க்கின். லாரி வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் தெருவுக்கு ஒருமுறை வாருங்கள்.

ஆனால், பார்க்கின் இல்லாமல் பிறக்க வைத்த எலிகளுக்கு மூளையின் டோபமைன் செல்கள் பெரிதாகச் சாகவில்லையாம். தட்டு வேறு, எலி வேறு, அப்பா வேறு. தட்டில் இருக்கிற செல்லுக்குக் கை நடுங்காது, செக்கும் திரும்பாது. அப்பாவுக்கு இன்றைக்கும் 1960களில் வந்த லெவோடோபாதான். மாத்திரை கொஞ்சம் தாமதமானால் சட்டைப் பித்தான் என் பொறுப்பு.

எல்லாவற்றையும் அப்பாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு அந்த ஜீனால இல்லைங்கிறே?"

"அநேகமா இல்லப்பா."

"அப்ப உனக்கு வராதில்ல?"

நான் கேட்ட அதே கேள்வி. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் பேங்க்கில் புதுக் கார்டு கொடுத்தார்கள். மூன்று கட்டம், மூன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். அப்பா பேனாவைத் திறந்தார். "கார்டை மட்டும் நீ அழுத்திப் பிடிச்சுக்கடா. கையெழுத்தை நான் பாத்துக்கறேன்" என்றார்.