கல்லும் கள்ளும்

மார்கழி மாதத்தில் ஒரு நாள், பனி விலகுமுன்பே திருவக்கரைக்குப் போய்ப் பாருங்கள். திண்டிவனத்திலிருந்தும் போகலாம், புதுச்சேரியிலிருந்தும் போகலாம். வராக நதி என்கிற சங்கராபரணி ஆற்றின் கரையில் இருக்கிறது ஊர். மும்முகம் காட்டும் சந்திரமௌலீசுவரரையும் வக்கிரகாளியம்மனையும் தரிசித்துவிட்டுக் கல்மரப் பூங்காவுக்கு நடையைக் கட்டுங்கள்.

மரமென்று தொட்டால் கல். கல்லென்று நினைத்தால் மரத்தின் ரேகை! மண்ணில் புதைந்து கல்லாகிப் போன இந்த அடிமரங்களின் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் 1781-லேயே இவற்றைக் கண்டு குறிப்பு எழுதியிருக்கிறார். ஒன்றுக்காவது கிளையோ வேரோ இல்லை, கவனித்தீர்களா? இவை இங்கே முளைத்தவை அல்ல, எங்கிருந்தோ வெள்ளம் உருட்டி வந்தவை என்கிறார்கள் புவியியல் அறிஞர்கள்.

தண்ணீர் கொண்டுவந்த மரம் என்றதும் எனக்குச் சிறுபாணாற்றுப்படை நினைவுக்கு வந்துவிட்டது. சங்க காலத்தில் இந்த வட்டாரத்துக்கு ஓய்மா நாடு என்று பெயர். அரசன் நல்லியக்கோடன். திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில் அவனுடைய ஊர். அவனது எயிற்பட்டினம்தான் இன்றைய மரக்காணம் என்பார்கள். அங்கே அலை ஒதுக்கிய வாசனைக் கட்டைகள், படுத்துறங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடந்தனவாம். நுளையர் வீட்டுப் பெண்கள் அவற்றையே விறகாக்கி எரித்து, முதிர்ந்த தேறலை வடித்துக் கொடுத்தார்களாம். அரசன் தன் விருந்தில் வார்த்த தேறலோ, சீறுகிற பாம்பைப் போலக் கடுமை!

எப்படிச் செய்தார்கள் என்கிறீர்களா? பக்கத்துத் தொண்டை நாட்டைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் பக்குவமே இருக்கிறது. குற்றாத அரிசியைக் கூழாகக் களி கிண்டி, வாயகன்ற தட்டில் ஆறவிட்டு, நெல்முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, விரலால் அலைத்துப் பிழிந்தார்கள். முளைத்த தானியம் மாவைச் சர்க்கரையாக்குகிறது. நொதி அந்தச் சர்க்கரையைச் சாராயமாக்குகிறது. இங்கிலாந்திலும் பெல்ஜியத்திலும் கிறிஸ்துமஸ் குளிருக்காகக் கடுமையான பீர் காய்ச்சுகிறவர்கள் நம்புவதும் இதே முளையைத்தான்; அவர்களுடையது வாற்கோதுமை. அதில் கிராம்பு, பட்டை, ஆரஞ்சுத் தோல் என்று வாசனை சேர்ப்பதும் உண்டு. நம்மவர்களும் சளைத்தவர்களா? மதுச் சாடிக்கே இஞ்சியும் பூவும் தொடுத்த மாலை சூட்டியதைப் பதிற்றுப்பத்து சொல்கிறது. தேறல் மாந்திய தெம்பில் வாடைக்காலத் தூறலையும் லட்சியம் செய்யாமல் தெருவில் திரிந்தவர்களை நெடுநல்வாடையில் காணலாம்.

"அப்படியானால் நாமும் வீட்டில் ஒரு சாடி வைத்தால் என்ன?" என்று கேட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம். 1937-இல் பிறந்த சட்டம் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 மே மாதம், அதே மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில், சாராயம் என்று நம்பிக் குடித்தவர்களில் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். அது நெல்லில் விளைந்ததும் அல்ல, பனையில் இறங்கியதும் அல்ல. ஆலைகளில் புழங்கும் மெத்தனால் என்ற விஷம். கண்ணையும் பறிக்கும், உயிரையும் பறிக்கும். அன்றைய நுளைமகளுக்குத் தன் கையால் வாங்கிக் குடிப்பவர் யாரென்று தெரியும். குடித்தவருக்கும் வார்த்த கை தெரியும். இன்றைய விஷத்தை வார்த்த கைக்கு முகமே இல்லையே!

கல்மரங்களைப் பார்த்துத் திரும்பும்போது குளிர் விட்டபாடில்லையா? சுக்கு, மல்லி, மிளகு தட்டிப்போட்டு, கருப்பட்டி கரைத்துக் கொதிக்க வைத்த சுக்குக் காபி ஒரு தம்ளர் குடியுங்கள். பாம்பின் சீற்றம் அதில் இல்லைதான். ஆனால் குடித்தவர் பத்திரமாக வீடு வந்து சேருவார். வாசலில் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?