கீழூரில் எட்டு ஓட்டு

மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கூட்டத்தின்மேல் எனக்கு எப்போதுமே ஓர் எரிச்சல் உண்டு. கடற்கரையை ஒட்டிய சில தெருக்களைச் சுற்றிவிட்டு ‘புதுச்சேரியைப் பார்த்தாச்சு’ என்று ஊர் திரும்புகிறவர்கள். இந்தப் பிராந்தியத்தின் பரப்பு சுமார் 290 சதுர கிலோமீட்டர். அரியாங்குப்பம், பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் என்று ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள் இருக்கின்றன. நெல், கரும்பு, ஏரி, செங்கல் சூளை எல்லாம் அங்கேதான். அதனால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே போகும் பேருந்தில் ஏறினேன்.

வில்லியனூரில் இறங்கியதும் ஆட்டோக்காரத் தம்பி என் திட்டத்தைக் கேட்டு முகம் சுளித்தார். “கீழூரா? அங்க ஒரு மண்டபம் இருக்குது சார், அவ்ளோதான். ஆரோவில் போலாமா? போட் ஹவுஸ் போலாமா?” கீழூர், அப்புறம் பாகூர் என்றேன். வெயிலில் மூளை கலங்கிய ஆளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வில்லியனூரைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. திருக்காமீசுவரர் கோயில் பெரியது, அழகானது. 1877-ஆம் ஆண்டுக்கால மாதா கோயிலும் அதன் குளமும் வேளாங்கண்ணியைப் பார்த்தவர்களுக்குப் பழகிய காட்சி. சுடுமண் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பேரம் பேசி ஒரு குதிரை வாங்கினேன், காது உடையாமல் வீடு வந்து சேர்ந்தது. என்னை நிறுத்தியது தேர்தான். திருக்காமீசுவரர் தேரோட்டத்தில் பிரெஞ்சுக் கவர்னர் வந்து வடம் பிடிப்பது வழக்கமாம். பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள், வழக்கம் போகவில்லை. இன்றைக்குத் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். எங்கள் ராமநாதபுரத்தில் வெள்ளைக்காரக் கலெக்டர் தேர் இழுத்தார் என்று யாராவது சொன்னால் அடிக்க வந்துவிடுவார்கள். இங்கே அதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை.

கீழூர் மண்டபத்தைப் பொறுத்தவரை ஆட்டோத் தம்பி சொன்னது பொய்யில்லை. சாதாரணக் கிராமம், வயல், அதன் நடுவே நினைவிடம். எங்களைத் தவிர அங்கே இருந்தது ஓர் ஆடு. 1954 அக்டோபர் 18 அன்று இந்த இடத்தில்தான் பிரெஞ்சிந்தியாவின் தலையெழுத்தை ஓட்டுக்கு விட்டார்கள். ஜனங்கள் ஓட்டுப் போடவில்லை. பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர். இந்தியாவோடு சேர 170 ஓட்டு, வேண்டாம் என்று 8. இரண்டே வாரத்தில், நவம்பர் 1-ஆம் தேதி, நிர்வாகம் கைமாறியது. வங்காளத்துச் சந்திரநாகூரும் பிரெஞ்சு ஊர்தான். அங்கே 1949-இல் ஜனங்களையே நேராகக் கேட்டார்கள். சேர 7,473, வேண்டாம் என்று 114. கீழூரில் ஏன் ஜனங்களைக் கேட்கவில்லை என்ற கேள்வி அந்த ஆளில்லாத மண்டபத்தில் நின்றபோது எனக்குள் புகுந்தது. டீக்கடையில் போய் அதைக் கேட்டு வைத்தேன்.

டீக்கடை என்றால் ஓலைச்சார்ப்பு, ஒரு பெஞ்சு, கண்ணாடிப் பெட்டிக்குள் மசால்வடை. பெஞ்சில் இரண்டு பெரியவர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். சட்டைப்பையில் இரண்டு பேனா. மற்றவர் துண்டைத் தலையில் கட்டியிருந்தார், கடையில் எல்லோருக்கும் அவர் மாமா.

“எல்லாரையும் கேட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனைக்கிறீங்க?” என்று நான்தான் ஆரம்பித்தேன்.

“இன்னும் ஜாஸ்தியா ஜெயிச்சிருப்போம்” என்றார் வாத்தியார். அன்றைக்கு அப்பா தோளில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த பிள்ளையாம் அவர். எங்கே பார்த்தாலும் தலைகள், போலீஸ், வெயில். அதற்கு மேல் நினைவில்லை என்றார்.

“ஜெயிச்சிருப்பீங்க, ஜெயிச்சிருப்பீங்க” என்று மாமா வடையைப் பிட்டார். “அந்த எட்டுப் பேரு மட்டும் முட்டாளுங்களா?”

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. இது இன்றைக்குத் தொடங்கிய சண்டை இல்லை என்பது கடைக்கார அக்கா பாலை இறக்கி வைத்த அலுப்பிலேயே தெரிந்தது. மாமாவின் அண்ணன் ‘சொல்தா’, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்; சைகோன் வரைக்கும் போய் வந்தவர். 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி பிரான்ஸ் சட்டப்படி இந்த ஊர்களை இந்தியாவிடம் ஒப்படைத்தது. இங்கே பிறந்து இங்கேயே இருந்தவர்கள் அன்றோடு இந்தியர்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்கிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அண்ணன் எழுதிக் கொடுத்தார். தம்பிக்கு அப்போது மீசை அரும்பும் வயது. இரண்டு பிள்ளைகளும் போய்விட்டால் நிலத்தை யார் பார்ப்பது என்று அப்பா தடுத்துவிட்டார். அண்ணன் கடைசிவரை பிரெஞ்சு அரசாங்கத்துப் பென்ஷன் வாங்கினார். பிள்ளைகள் பாரிசுக்குப் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறார்கள். மாமா முதியோர் உதவித்தொகை வாங்குகிறார்.

“நூத்தி எழுபது பேரு நாட்டத் தேர்ந்தெடுத்தாங்க. உங்க அண்ணன் பென்ஷனத் தேர்ந்தெடுத்தாரு” என்றார் வாத்தியார், மாமாவைப் பார்க்காமல், என்னைப் பார்த்து.

மாமா எழுந்துவிட்டார். “யோவ் வாத்தியாரே, தேரு வடத்தத் தொட்டவன்யா வெள்ளக்காரன். உங்க ஆளுங்க வந்தப்புறம் இந்த ஊரு ரோட்டுக்கு எத்தன வருசம் மனு குடுத்தோம், சொல்லு!”

“வடத்தத் தொட்டா போதுமா? சைகோன்ல உங்க அண்ணன் யாருக்காகச் சுட்டாரு? அங்க இருந்தவனும் நம்மள மாதிரி நாத்து நட்டவன்தான?”

இதற்கு மாமாவிடம் பதில் இல்லை. வாத்தியாரும் சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோலக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பேச்சை மாற்ற நினைத்து, அந்த எட்டுப் பேர் யார் யார் என்று கேட்டேன். சண்டைக்காரர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

“அதெல்லாம் சொல்லப்படாதுங்க” என்றார் மாமா.

“பேரன் பேத்தியெல்லாம் இங்கதான் இருக்குதுங்க. எதுக்கு?” என்றார் வாத்தியார். அந்தக் காலை முழுக்க அவர்கள் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான்.

அதோடு விடவில்லை. சுதந்திர தினம் எது என்பதில் மறுபடி தொடங்கியது. ஆகஸ்ட் 15-ஆ, நவம்பர் 1-ஆ, ஆகஸ்ட் 16-ஆ? வாத்தியாருக்கு நவம்பர் 1. மாமாவுக்கு, சட்டப்படி ஒப்படைத்த ஆகஸ்ட் 16-தான் நாள். நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஒரே தேதி, ஒரே மிட்டாய். இவர்கள் தேதிக்கே வாதாட வேண்டியிருக்கிறது. கடைசியில் அக்காதான் தீர்ப்புச் சொன்னார்: “ஓட்டுப் போட்டது நூத்தி எழுபத்தெட்டுப் பேரு. உங்க ரெண்டு பேரையும் அன்னிக்கு யாரும் கேக்கல, இன்னிக்கும் கேக்கல. டீ காசக் குடுத்துட்டு எழுந்திரிங்க.”

காசை மாமா கொடுத்தார், வாத்தியாருக்கும் சேர்த்து. எனக்கும் கொடுக்க வந்தார், நான் முந்திக்கொண்டேன்.

பாகூருக்குப் போகும் வழியில் ஆட்டோத் தம்பி ஒரு விளையாட்டுக் காட்டினார். “இப்ப தமிழ்நாடு. இப்ப நம்ம ஊரு. திரும்பத் தமிழ்நாடு.” வரப்பு ஒன்று, வயல் ஒன்று, அரசு மட்டும் வேறு. எல்லைக்கல்லைத் தேட வேண்டியதில்லை. சாராயக்கடை வந்தால் புதுச்சேரி வந்துவிட்டது. இந்த ஒட்டுப்போட்ட எல்லைக்குக் காரணத்தைத் தேடினால் 1749-இல் போய் நிற்கிறது. ஆர்க்காட்டு நவாபுப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப், உதவிக்கு நன்றியாக வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களைப் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தார். நாட்டை வெட்டிக் கொடுக்கவில்லை, கிராமம் கிராமமாகப் பொறுக்கிக் கொடுத்தார். இடையில் விட்டுப்போன ஊர்கள் வேறு கைக்குப் போயின. ஒரு நவாபின் நன்றிக்கடன்தான் இன்றைக்கும் தம்பியின் ஆட்டோ பர்மிட்டைத் தொந்தரவு செய்கிறது. மூன்றே வருடத்தில், 1752-இல், ஆங்கிலேயர் இதே பாகூர் வயல்களில் பிரெஞ்சுப் படையை அடித்துத் துரத்தினார்கள். நாற்று மிதிபட்டவர்களுக்கு யார் நஷ்டஈடு கொடுத்தார்கள் என்று வாத்தியாரிடம் கேட்டிருக்கலாம். இன்னொரு சண்டை கிடைத்திருக்கும்.

பாகூர் மூலநாதர் கோயிலுக்கு மத்தியானத்தில் போகாதீர்கள், நடை சாத்தியிருக்கும். வெளிச்சுற்றில் கால் சுட நின்று அடித்தளத்துச் சின்னச் சின்ன நடனச் சிற்பங்களைப் பார்த்தேன். உள்ளங்கை அளவுக்குள் இடுப்பு ஒடிந்து நிற்கும் பெண்கள். இந்தக் கோயிலில் சோழர் கல்வெட்டுகளோடு, வடக்கே இருந்து படையெடுத்து வந்த ராஷ்டிரகூடக் கன்னரதேவனின் கல்வெட்டும் உண்டு. அதற்கும் முன்னால், 9-ஆம் நூற்றாண்டில், பல்லவ நிருபதுங்கவர்மன் காலத்தில் இங்கே இருந்த ஒரு கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்களை எழுதிவைத்திருக்கிறார்கள். பாகூர்ச் செப்பேடுகள் என்று அறிஞர்கள் கொண்டாடுவது அந்தச் சாசனத்தைத்தான். பாகூர்க்காரர்கள் எத்தனை கொடியைப் பார்த்திருக்கிறார்கள்! யாரும் அவர்களிடம் ஓட்டுக் கேட்டதில்லை.

மாலையில் ஏரி. கண்மாய்ச் சீமையில் பிறந்தவன் என்ற திமிரோடுதான் கரை ஏறினேன். எங்கள் பக்கம் மழை ஏமாற்றினால் கண்மாய்க்குள் சீமைக்கருவேலம்தான் நிற்கும். இங்கே தண்ணீர். கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர், நீர்க்காகங்கள், கரையோரம் தூண்டிலோடு ஒருவர். எங்கிருந்து வருகிறது என்று அவரைக் கேட்டேன். “பங்காரு வாய்க்கால்லருந்து” என்று கை காட்டினார். சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணையிலிருந்து பிரிந்து வரும் வாய்க்கால் அது. பங்காரி, சிங்காரி என்று இரண்டு தாசிப் பெண்கள் தங்கள் சொத்தைப் போட்டு வாய்க்கால் வெட்டினார்கள் என்பது ஊர்க்கதை. கவர்னருக்கும் நவாபுக்கும் இல்லாத மரியாதையோடு அவர் அந்தப் பெயர்களைச் சொன்னார்: “அந்த அம்மாளுங்க இல்லன்னா இந்த ஊருக்குச் சோறு இல்லீங்க.”

பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆனா ஆறு நம்ம கையில இல்லியே. கர்நாடகாவுல பொறந்து, தமிழ்நாடு முழுக்கக் குடிச்சு, மிச்சம்தான் நமக்கு வருது.” தமிழ்நாட்டுக்காரனான நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டேன். எந்த ஊர் என்று அவர் கேட்டபோது ராமநாதபுரம் என்றேன். “அய்யோ பாவம்” என்று விட்டுவிட்டார்.

போக நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாகூர் ஏரிக்குக் கார்த்திகை, மார்கழியில் போங்கள். மழை பெய்திருந்தால் நிறைந்திருக்கும். கீழூருக்கு ஆகஸ்ட் 16-ஆம் தேதி மட்டும் போகாதீர்கள். அன்றைக்கு அரசாங்கக் கார்கள் வரிசையாக வரும், கொடி ஏற்றுவார்கள், பேசுவார்கள், போய்விடுவார்கள். வேறு எந்த நாளிலாவது காலையில் போய் மசால்வடை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்காருங்கள். எட்டு ஓட்டைப் பற்றிக் கேளுங்கள். பெயரை மட்டும் கேட்காதீர்கள்.